பழமொழியைக் குளிப்பாட்ட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சிறுவர் பக்கத்தில் வாரந்தோறும் வரும் பழமொழிப் பகுதியைப் பற்றி இந்தக் கடிதம். எங்களில் பள்ளியில் தமிழும் அறிவியலும் சொல்லித் தருகிறவர்கள் உண்டு, வயலில் இறங்கி வேலை செய்கிறவர்களும் உண்டு. பழமொழி திரட்டுவது எல்லாருக்கும் பொதுவான பழக்கம்.

கொஞ்ச காலமாக அந்தப் பகுதி ஒரே வார்ப்பில் வருகிறது. ‘நாம் இத்தனை நாள் தவறாகச் சொல்லிவந்த பழமொழி’ என்று தொடங்கும். நடுவில் ஓரெழுத்தை மாற்றி ஓர் ‘உண்மைப் பொருள்’ வரும். கடைசி வரியில் ஒரு நீதி இருக்கும். வாட்ஸ்அப்பில் சுற்றும்போது இதைப் படித்துவிட்டுத் தள்ளிவிடலாம். நாளிதழில் அச்சேறினால் வெட்டி நோட்டில் ஒட்டிக்கொண்டு பிள்ளைகள் வகுப்புக்கு வந்துவிடுகிறார்கள். எங்கள் மறுப்பு இந்த ஓரெழுத்து வேலையைப் பற்றியது. பழமொழியில் இருக்கும் குசும்பைக் கழுவி எடுத்தால், அதற்குள் இருக்கும் அறிவும் அதே தண்ணீரோடு போய்விடுகிறது. குசும்பு இருந்தால்தான் பிள்ளை ‘ஏன் அப்படிச் சொன்னாங்க?’ என்று கேட்கும். நீதியாக்கிக் கொடுத்தால் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடும்.

‘ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். தங்கள் பகுதியில் இது ‘ஆயிரம் வேரைக் கொன்றவன்’ ஆகிவிட்டது. ஆயிரம் மூலிகை வேர்களைப் பறித்து மருந்து செய்து பழகியவன்தான் வைத்தியன் என்று விளக்கம். காதுக்கு இனிமைதான். ஆனால் தமிழில் வேரை யாரும் கொல்வதில்லை. பிடுங்குவோம், அகழ்வோம், கல்லி எடுப்போம். இந்த இடறல் புரிந்த சிலர் ‘ஆயிரம் வேரைக் கண்டவன்’ என்று வினைச்சொல்லையும் மாற்றிவிட்டார்கள். இருப்பதே ஐந்து சொல், அதில் இரண்டை மாற்றிய பிறகு மிஞ்சுவதைப் பழையது என்று எப்படிச் சொல்வது? ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகளுடன் பெர்சிவல் பாதிரியார் 1874-இல் சென்னையில் அச்சிட்ட திரட்டின் காலத்தில் இந்த வைத்தியன் பேரைத்தான் கொன்றுகொண்டிருந்தான், வேரை அல்ல. வடமொழியிலும் இதற்கு ஓர் உடன்பிறப்பு உண்டு: ‘சதமாரீ பவேத் வைத்ய: ஸஹஸ்ரமாரீ சிகித்ஸக:’. நூறு பேரைக் கொன்றவன் வைத்தியன், ஆயிரம் பேரைக் கொன்றவன் பெரிய வைத்தியன். அந்த மொழியில் பேருக்கும் வேருக்கும் எதுகை கிடையாது, எழுத்துப்பிழை நேர வழியும் இல்லை.

இந்தச் சொலவடையின் நகைப்பு முழுவதும் ‘அரை’யில் இருக்கிறது. ஆயிரம் பேர் போய்ச் சேர்ந்த பிறகும் ஆள் இன்னும் பாதி வைத்தியன்தான். சிரித்து முடித்ததும் ஒரு கேள்வி தொண்டையில் நிற்கும். ஒருவன் தொழில் கற்றுக்கொள்ள ஆகும் செலவை யார் கொடுக்கிறார்கள்? மருத்துவத் துறை இந்தக் கேள்வியோடு இன்றும் மல்லுக்கட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பிணத்தை அறுத்துப் படிப்பது, ரப்பர்க் கையில் ஊசி குத்திப் பழகுவது, மூத்தவர் பக்கத்தில் நிற்க இளையவர் கத்தியைத் தொடுவது எல்லாமே அந்த ஆயிரத்தைக் குறைக்கும் வழிகள். தமிழ்நாட்டில் பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால், எங்கே தாமதமானது, ரத்தம் ஏன் கிடைக்கவில்லை என்று அந்த ஒரு சாவைத் தனியே எடுத்து ஆராய்ந்து எழுதும் முறை பல ஆண்டுகளாக இருக்கிறது. ஒரு சாவிலிருந்து ஆயிரம் சாவின் பாடத்தைக் கறக்கப் பார்க்கும் முயற்சி அது. ஒன்பதாம் வகுப்பில் இந்தப் பழமொழியைப் பலகையில் எழுதி, ‘ஆயிரத்தைப் பத்தாகக் குறைக்க என்ன வழி?’ என்று கேட்டுப் பாருங்கள். தையல் கடை, ஓட்டுநர் பயிற்சி, பரோட்டா மாஸ்டரின் கல் என்று பேச்சு எங்கெங்கோ போகும். வேரைக் கொன்றவனிடமிருந்து இப்படி ஒரு கேள்வி முளைக்காது.

ஒரு ‘உண்மைப் பொருளை’ அச்சேற்றும் முன் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. முதலில், பழைய அச்சில் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். மேலே சொன்ன 1874 திரட்டும், யென்சன் பாதிரியார் பொருள்வாரியாகப் பிரித்து 1897-இல் வெளியிட்ட திரட்டும் இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பத்து நிமிட வேலை.

அடுத்தது வார்ப்பு. பழமொழி தனிப்பிள்ளையாகப் பிறப்பது அரிது. ஒரே வார்ப்பில் நாலைந்து இருக்கும். ‘கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை’ என்பதை, கழு என்ற கோரையில் பாய் தைத்தால் கற்பூர மணம் வரும் என்று ‘கழு தைக்கத் தெரியுமாம்’ ஆக்குகிறார்கள். கழுதையை இப்படிக் காப்பாற்றிவிடலாம். இதே வார்ப்பில் ‘நாய் பெற்ற தெங்கம்பழம்’ இருக்கிறதே, அதை என்ன செய்வது? அது பழமொழி நானூற்றிலேயே வருகிறது. உரிக்கத் தெரியாத நாய்க்கு முழுத் தேங்காய் கிடைத்த கதை. இந்தியில் குரங்குக்கு இஞ்சியின் ருசி தெரியாது. அருமை தெரியாதவன் கையில் அரிய பொருள் என்ற ஒரே வார்ப்பில் விலங்கு மட்டும் ஊருக்கு ஊர் மாறுகிறது. ஒன்றை மட்டும் பிடுங்கிப் பாய் முடையப் போனால் மற்றவை அநாதையாகிவிடும்.

மூன்றாவது, பேச்சு. அந்த ‘உண்மைப் பொருளில்’ யாராவது அதை வாயால் சொல்லிக் கேட்டதுண்டா? ‘மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கலாமா’ என்பதில் குதிரை கிடையாது, அது ஆற்றுமணல் திட்டு, பெயர் ‘குதிர்’ என்கிறார்கள். ஊரில் குதிர் என்றால் நெல் கொட்டி வைக்கும் மண்கூடு. ஆற்றில் இறங்கும் எவரும் ‘குதிர் பார்த்துப் போ’ என்று சொல்வதில்லை. சுடாத களிமண் பொம்மையை வாளியில் போட்டால் இரண்டு நிமிடத்தில் என்ன ஆகும் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தெரியும். அய்யனார் கோயில் குதிரையைச் சூளையில் சுட்டுத்தான் நிறுத்துகிறார்கள் என்பது அதற்கு மேல் ஒரு பாடம்.

எல்லாம் ஆதிகாலத்துச் சரக்கு என்ற நினைப்புதான் இந்தத் திருத்தும் வெறிக்கு வேர் என்று தோன்றுகிறது. ‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது’ என்கிறோம். அமீனா என்பவர் நீதிமன்றத்து ஜப்தி ஆள். அரபிச் சொல், ஆட்சி வழியாக வந்தது. கடனுக்கு வழக்குப் போட்டு அண்டாவைத் தூக்கிப்போகும் நீதிமன்றம் வந்த பிறகுதான் இந்த வரி பிறந்திருக்க முடியும். ‘ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க’ என்பதும் வருவாய்த்துறை வந்த பிறகான பேச்சு. யாரோ ஒருவர், இன்ன காலத்தில், அன்றைய எரிச்சலைச் சிரிப்பாக்கிச் சொன்ன புது யோசனைகள் இவை. இந்தக் கோணத்தில் சொல்லிக் கொடுத்தால்தான் நாமும் ஒன்று சொல்லிப் பார்க்கலாம் என்ற துணிச்சல் பிள்ளைகளுக்கு வரும்.

புது யோசனை என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நம் வீடுகளில் பழமொழி முடுக்கிவிடுவதைவிட பிரேக் போடுவதே அதிகம். பிள்ளை ஏதாவது புதிதாகச் செய்யப் போகிறேன் என்றால் உடனே வந்து விழுவது ‘விரலுக்கேத்த வீக்கம்’, ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’, ‘முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்படலாமா’. இதற்காகப் பழமொழியைப் பழித்துப் பயனில்லை. பிரேக்கை அளவுகோலாக மாற்றலாம். அதற்கு ஒரு முறை இருக்கிறது, நாற்பது நிமிட வகுப்பில் அடங்கும்.

வகுப்பை ஐந்து பேர் குழுக்களாகப் பிரிக்க வேண்டும். ஒரு குழுவுக்கு ஒரு யோசனை. பள்ளிச் சத்துணவுக்கூடக் கழுவுநீரை வாழைக்கு விடலாம் என்பது போல, கையால் செய்து பார்க்கக்கூடியதாக இருக்கட்டும். முதல் ஐந்து நிமிடம் அந்த யோசனையைக் கொல்லும் பழமொழிகளை மட்டும் எழுத வேண்டும். ஆறேழு தாராளமாக வரும், சிரிப்பும் வரும். அடுத்த பத்து நிமிடம் ஒவ்வொன்றையும் எண்ணில் விடை வரும் கேள்வியாக மாற்ற வேண்டும். ‘விரலுக்கேத்த வீக்கம்’ என்றால் விரல் எவ்வளவு? கையில் இருக்கும் பணம் 300 ரூபாயா, 3,000 ரூபாயா? ‘ஆழம் தெரியாமல்’ என்றால் ஒரு நாளைக்கு எத்தனை வாளிக் கழுவுநீர் வருகிறது, வாய்க்காலுக்கும் வாழைக்கும் இடையே எத்தனை அடி? ‘கொம்புத்தேன்’ என்றால் கொம்பு எவ்வளவு உயரம், ஏணி யாரிடம் இருக்கிறது? அடுத்த பத்து நிமிடம் எதிர்ப் பழமொழி தேட வேண்டும். ‘பதறாத காரியம் சிதறாது’ என்று ஒருவர் சொன்னால் ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ என்று இன்னொருவர். ‘தன் கையே தனக்கு உதவி’க்குத் ‘தனிமரம் தோப்பாகாது’. இரண்டில் எது சரி என்று ஆசிரியர் தீர்ப்புச் சொல்லிவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. எந்த நிலைமைக்கு எது பொருந்தும் என்று குழுவே ஒரு வாக்கியம் எழுத வேண்டும். தூற்றும் வேலைக்குக் காற்று நம் கையில் இல்லை, அதனால் அவசரம். விதைநேர்த்திக்கு நேரம் நம் கையில் இருக்கிறது, அதனால் நிதானம். மிச்ச நேரம் மற்றக் குழுக்களுக்குப் படித்துக் காட்ட.

இதில் வழக்கமாக நேரும் கோளாறு, வாயடிக்கும் ஒரு பிள்ளையே எல்லாப் பழமொழியையும் சொல்லிவிடுவது. முதல் ஐந்து நிமிடம் பேச்சே கூடாது, ஆளுக்கொரு தாளில் எழுதுங்கள் என்றால் சரியாகிவிடும். இன்னொன்று, பாட்டி வீட்டில் வளராத பிள்ளைகளுக்குப் பழமொழியே தெரியாமல் இருப்பது. அவர்களுக்குப் பன்னிரண்டு சீட்டுகளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள். வெட்கப்பட விடக்கூடாது.

அடுத்து, பழமொழியை அளந்து பார்ப்பது. தொல்காப்பியம் முதுமொழிக்கு இலக்கணம் சொல்லும்போது நுண்மை, சுருக்கம் என்று அடுக்கிவிட்டு ‘ஏது நுதலிய முதுமொழி’ என்கிறது. ஏது என்றால் காரணம். காரணத்தைக் குறிப்பாக உள்ளே வைத்திருந்தால்தான் முதுமொழி. அப்படியானால் அந்தக் காரணத்தைத் தோண்டிச் சோதிக்கலாம்.

‘எள்ளுக்கு ஏழு உழவு, கொள்ளுக்கு ஓர் உழவு.’ ஏழு என்பது மோனைக்காகவா, உண்மையாகவா? நான்கு தட்டுகள் போதும். இரண்டு தட்டில் சல்லடையில் சலித்த மண், இரண்டு தட்டில் எலுமிச்சை அளவு கட்டிகள் நிறைந்த மண். ஒவ்வொரு வகை மண்ணிலும் ஒரு தட்டில் 50 எள், ஒரு தட்டில் 50 கொள். எள்ளை மேலாகத் தூவி அரை சென்டிமீட்டர் மண் மூடினால் போதும், கொள்ளை விரல்கணு ஆழத்தில் போடலாம். ஐந்தாம் நாள், ஏழாம் நாள், பத்தாம் நாள் முளை எண்ணி எழுத வேண்டும். எள் ஆயிரம் மணி சேர்ந்தாலும் 3 கிராம் அளவில்தான் இருக்கும். முட்டி வெளியே வர அதன் கையிருப்பு அவ்வளவுதான். கட்டி தலையில் உட்கார்ந்தால் வளைந்து வளைந்தே தீர்ந்துபோகும். கொள்ளு கனத்த விதை, கட்டியைத் தள்ளிக்கொண்டு வரும். ஏக்கருக்கு 2 கிலோ எள்ளே போதும் என்பதால் அதை நான்கு மடங்கு மணலில் கலந்து தூவுகிறார்கள் என்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். இல்லாவிட்டால் ஒரே இடத்தில் கொத்தாக விழும்.

இந்தச் சோதனை கெடுவதற்குச் சில வழிகள் உண்டு. மளிகைக் கடை எள் சில நேரம் தோல் நீக்கியதாகவோ வறுத்ததாகவோ இருக்கும், முளைக்காது. விதைக்கடையில் வாங்கி, நூறு மணியை ஈரத்துணியில் சுருட்டி வைத்து முளைப்பு பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது. சொம்பால் தண்ணீர் ஊற்றினால் எள் எல்லாம் தட்டின் ஒரு மூலைக்குப் போய்விடும், தெளிப்பானால் நனைக்க வேண்டும். எறும்பு இரவோடு இரவாக எள்ளைத் தூக்கிப் போய்விடும். தட்டைத் தண்ணீர் நிறைந்த தாம்பாளத்தின் நடுவே கல் வைத்து அதன்மேல் வையுங்கள். கொள்ளும் கட்டி மண்ணில் குறைவாக முளைத்தால் அதை மறைக்காமல் எழுதட்டும். பழமொழி தோற்றாலும் சோதனை தோற்கவில்லை.

அப்படித் தோற்கும் இடம் ஒன்று திருக்குறளிலேயே இருக்கிறது. ‘தொடிப்புழுதி கஃசா உணக்கின்’ என்ற 1037-ஆம் குறள், ஒரு பலம் புழுதி கால் பலமாகும்படிக் காயவிட்டால் பிடி எருவும் வேண்டாம் என்கிறது. சமையல் தராசில் 100 கிராம் ஈர வயல்மண்ணை நிறுத்து, தட்டில் பரப்பி, எடை குறைவது நிற்கும்வரை வெயிலில் காய வைத்துப் பாருங்கள். செம்மண் கொஞ்சமாகக் குறையும், கரிசல் கூடுதலாகக் குறையும். ஆனால் 25 கிராமுக்கு இறங்காது. வயல்மண்ணில் முக்கால் பங்கு எடைக்குத் தண்ணீர் நிற்பதில்லை. அப்படியானால் குறள் பொய்யா என்று பிள்ளை கேட்கும். கேட்கட்டும், நல்ல கேள்வி. எண்ணை நேர் அளவாக எடுக்க முடியாது. காரணம் மட்டும் நிற்கிறது. நன்றாகக் காய்ந்த மண் மழையில் நனைந்தவுடன் நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்து மட்கிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) பயிருக்குக் கிடைக்கும் வடிவில் அவிழ்த்துவிடுகின்றன. கிழக்கு ஆப்பிரிக்க மண்ணில் இதை அளந்து பர்ச் என்ற ஆய்வாளர் 1958-இல் எழுதினார். இன்றும் மண்ணியலில் அவர் பெயரால்தான் இந்த விளைவைச் சொல்கிறார்கள். கோடை உழவு போட்டுக் காயவிட்ட நிலம் முதல் மழைக்கு ஏன் பச்சைப் பிடிக்கிறது என்பதற்கு இதில் ஒரு விடை இருக்கிறது.

எங்களுக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. ‘நண்டோட நெல்லு, நரியோட கரும்பு, வண்டியோட வாழை, தேரோட தென்னை.’ நண்டு ஓடும் அளவுக்கு இடம் விட்டு நெல், நரி ஓடும் அளவுக்கு விட்டுக் கரும்பு என்று பொருள். பயிர் இடைவெளிக்கு இதைவிடச் சுருக்கமான அட்டவணை கிடையாது. அளக்க எடுத்துக்கொண்ட ஆட்களைப் பாருங்கள். வரப்பைத் துளைத்து நாற்றை நறுக்கும் நண்டு, கரும்பைக் கடிக்க வரும் நரி! திருடனையே முழக்கோலாக ஆக்கிய குறும்பு இது. இதற்கு எண்கள் கொடுத்துப் பார்ப்போம். 20-க்கு 10 சென்டிமீட்டரில் நட்டால் ஒரு சதுர மீட்டரில் 50 குத்து நெல் (ஓரிடத்தில் ஊன்றும் நாற்று ஒரு குத்து). செம்மை நெல் சாகுபடியில் 25-க்கு 25, அதாவது 16 குத்துதான். வாழை 6 அடிக்கு 6 அடி என்றால் ஏக்கருக்கு 1,210 கன்று. தென்னை 25 அடிக்கு 25 அடி என்றால் ஏறக்குறைய 70 மரம். தென்னை மட்டை ஒன்றே 15 அடிக்குக் குறையாமல் நீளும். 18 அடியில் நெருக்கி நட்டவர் தோப்பில் மரங்கள் வெயில் தேடிச் சாய்ந்து நிற்பதைக் காணலாம். தேர் ஓடவில்லை என்று அர்த்தம்.

நெல்லில் இந்த வரி பல காலம் வாயில் இருந்தது, வயலில் நெருக்கிக் குத்துக்குத்தாக நடுவதுதான் நடந்தது. மடகாஸ்கரில் ஆன்றி தெ லொலானியே என்ற பாதிரியார் 1980-களில் உருவாக்கிய ஒற்றை நாற்று முறை, அதாவது மேலே சொன்ன செம்மை நெல் சாகுபடி, இங்கே வந்த பிறகுதான் நண்டுக்கு மறுபடி வழி கிடைத்தது. பதினான்கு நாள் நாற்று, குத்துக்கு ஒன்று, ஏக்கருக்கு 3 கிலோ விதை. இதற்காக அந்த முறையை ‘நம் முன்னோர் அன்றே சொன்னது’ என்று சொந்தம் கொண்டாட வேண்டாம். ஆனால் வயதான உழவரிடம் ‘25 சென்டிமீட்டர் இடைவெளி’ என்று சொல்வதற்கும் ‘நண்டோட நடுங்க’ என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. முன்னது அவருக்கு உத்தரவு, பின்னது அவருடைய வீட்டுப் பேச்சு. புது யோசனை வேர்பிடிக்கப் பழைய சொல் நாற்றங்காலாகும் இடம் அதுதான். இடைவெளி எதற்கு என்ற காரணமும் கூடவே வர வேண்டும். கோனோவீடர் என்ற களைக்கருவியைக் குறுக்கும் நெடுக்கும் தள்ள வழி வேண்டும், பத்து நாளுக்கு ஒருமுறை களையை மண்ணுக்குள் அமுக்க வேண்டும். வீடர் ஓட்டாமல் இடைவெளி மட்டும் விட்டால் அந்த இடத்தில் களைதான் கொண்டாடும். மேடுபள்ளமாகத் தண்ணீர் தேங்கும் வயலில் பதினான்கு நாள் நாற்று அழுகிப்போகும். வயது முதிர்ந்த நாற்றை நடும்போது தூர் கட்டுவது (அடியில் பக்கக் கிளைகள் விடுவது) குறையும் என்பதால் நெருக்கித்தான் நட வேண்டும், அங்கே நண்டைக் கூப்பிடக்கூடாது.

பழமொழிக்கு ஊர் உண்டு என்பதற்கும் வயலே சாட்சி. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்று ஊர் பேர் இல்லாமல் ஆண்டுதோறும் ஆடி மாதம் அச்சாகிறது. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் மானாவாரியில் அதை நம்பி விதைத்தால் விதை வெந்துபோகும். அங்கே மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபரில். விதைப்பு அதை ஒட்டிப் புரட்டாசியில். எந்த ஊரில் எடுத்தது என்று ஒரு சொல் சேர்த்துவிட்டால் இந்தச் சிக்கலே இல்லை.

சேகரிப்பவர்களுக்கும் சிலது. பெரியவர்களிடம் போய் ‘ஒரு பழமொழி சொல்லுங்க’ என்றால் ஒன்று விழிப்பார்கள், இல்லாவிட்டால் பாடப்புத்தகத்தில் உள்ளதைத் திருப்பிச் சொல்வார்கள். களை எடுக்கிற இடத்தில், ரேஷன் கடை வரிசையில், பாகப்பிரிவினைப் பேச்சில் சும்மா உட்கார்ந்திருந்தால் தானாக வரும். சொன்னவரின் ஒப்புதலோடு கைப்பேசியில் பதிந்துகொண்டு, அன்றிரவே எழுதிவிட வேண்டும். மறுநாள் ஆனால் குரலின் கேலி மறந்துபோகும், சொல் மட்டும் மிஞ்சும். ‘நண்டோட’ என்றால் ‘நண்டோட’ என்றே எழுத வேண்டும், ‘நண்டு ஓட’ என்று இஸ்திரி போடக்கூடாது. பிள்ளைகள் எழுதி வரும்போது கட்டாயம் விட்டுவிடுவது, சொல் விழுந்ததும் எதிரில் இருந்தவர் என்ன பதில் சொன்னார் என்பதை. பழமொழிக்குப் பாதி உயிர் அந்தப் பதிலில் இருக்கிறது.

பெண்களையும் சாதிகளையும் உடல்குறையையும் இழிக்கும் பழமொழிகள் ஏராளம். மேலே சொன்ன முடவனும் அதில் ஒருவர்தான். ‘பெண்புத்தி பின்புத்தி’யைப் ‘பின்வருவதை அறியும் புத்தி’ என்று மாற்றிப் பெருமைப்படுத்துவதும் ஒரு வகை மூடிமறைப்பே. அந்தச் சொல் எந்தப் பெண்ணின் வாயை அடைக்க, யாரால், எந்த நேரத்தில் பயன்பட்டது என்று எழுதி வைப்பதுதான் நேர்மை. சிறுவர் பக்கத்தில் அதற்கு இடமில்லை என்றால் விட்டுவிடலாம். வேடம் போட்டு உள்ளே அழைத்துவர வேண்டாம்.

எங்கள் வேண்டுகோள் சிறியது. இப்போது அந்தப் பகுதிக்குக் கிடைக்கும் அறுபது எழுபது சொல் இடமே போதும். நீதிவரியை எடுத்துவிட்டு, சொல்வழக்கு, எடுத்த வட்டாரம், யார் யாரிடம் எப்போது சொன்னது, எதிர்ப்பேச்சு, வீட்டில் அளந்து பார்க்க ஒரு கேள்வி என்று இடுங்கள். வாசகர்கள் நிரப்பி அனுப்ப, தபால் அட்டையில் ஒட்டும் அளவில் ஒரு படிவத்தையும் மாதம் ஒருமுறை அச்சிடலாம். ‘உண்மைப் பொருள்’ அனுப்புகிறவர்களிடம் பழைய அச்சுச் சான்று ஒன்று கேளுங்கள். பாதிக்குப் பாதி வருவது நின்றுவிடும்.

மாதிரிக்கு ஒன்று:

‘நண்டோட நெல்லு, நரியோட கரும்பு, வண்டியோட வாழை, தேரோட தென்னை.’ காவிரிப் பாசனப் பகுதி. நடவு நாளில், கயிறு பிடிக்காமல் நெருக்கி நடுபவர்களைப் பார்த்து வரப்பில் நிற்பவர் சொல்வது. எதிர்ப்பேச்சு: ‘நண்டு ஓடுனா வாடகையா தருது?’ அளந்து பார்க்க: உங்கள் ஊர் வயலில் ஒரு மீட்டர் சதுரம் கயிறு கட்டி, குத்துகளை எண்ணுங்கள். கரும்பு அறுவடை இயந்திரம் நுழைய வரிசைக்கு வரிசை 5 அடி வேண்டும் என்கிறார்கள். நரிக்குப் பதில் இனி எதை ஓடவிடலாம்? புது வரி ஒன்று எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
பழமொழி திரட்டும் வாசகர்கள் சிலர்,
திருச்சி மாவட்டம்.